வான்கோழிக்கு பால்கனியில் இடம்

கிறிஸ்துமஸ் மதியச் சாப்பாட்டுக்கு பூட்டீன் செய்யப்போவதாக ஒடில் தொலைபேசியில் சொன்னதும், மறுமுனையில் நாத்தனார் பியெரெத் சிரித்துவிட்டாள்.

"விளையாடாதே."

"விளையாடல அண்ணி. உருளைக்கிழங்கு வறுவல், சீஸ் கட்டி, குழம்பு. மேல புகைபோட்ட மாட்டுக்கறி. நானே ஊறவச்சு, நானே புகைபோட்டது."

"அது ரோட்டோரம் நின்னுக்கிட்டுத் திங்கிறது ஒடில். எங்கம்மாவோட வெள்ளி முள்கரண்டியால குத்தித் திங்கிறதில்ல."

"கரண்டிக்கு என்ன தெரியும்?"

பியெரெத்தின் குரல் இறங்கியது. அவள் இரக்கமாகப் பேசும்போதுதான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். "தம்பி ரோசேர் கண்ணை மூடினப்புறம் முதல் கிறிஸ்துமஸ். உன்னால முடியலைன்னா அதுல தப்பே இல்ல. இனிமே எங்க வீட்டிலயே வச்சுக்கலாம். உன் மக ஜோசேகிட்டயும் பேசிட்டேன். அவளுக்கும் சம்மதந்தான்."

"இந்த வீட்டுப் பண்டிகை இந்த வீட்டுலதான்," என்று சொல்லி ஒடில் போனை வைத்தாள். மகளிடம் அவள் எதுவும் கேட்கவில்லை.

முழங்கால்கள் விட்டுப்போகும்வரை ஒடில் ஒஷலாகா பேட்டையில் ஒரு சிற்றுண்டிக் கடை ஜன்னலில் நின்று கிழங்கு வறுத்தவள். துறைமுகத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ரோசேர் அவளைப் பார்த்தது அந்த ஜன்னலில்தான். மருமகள் உணவகத்தில் இருக்கிறாள் என்று மாமியார் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்வாள். அங்கே என்ன செய்கிறாள் என்று சொல்லமாட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலிலேயே இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து வரவேற்பாள். அப்போது அவள் மூக்கு ஒடிலின் தலைமுடியில் ஒரு கணம் நிற்கும். அந்த ஒரு கணத்துக்காக ஒடில் கடைக் குழாயடியில் பாத்திரச் சோப்பு போட்டுத் தலை அலசிவிட்டுப் போவாள். பனிக்காலத்தில் ஈரமுடி வழியிலேயே விறைத்துப்போகும்.

ரோசேர் வெள்ளிக்கிழமைதோறும் ஜன்னலருகே நின்று இரண்டு தட்டு பூட்டீன் சாப்பிடுவான். அம்மாவிடம் பசியில்லை என்பான். நல்ல மனுஷன். ஆனால் அந்த வீட்டு மேசையில் அவளுக்காக ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. ஒடில் அதைச் சொல்லிக்காட்டியதும் இல்லை, மறந்ததும் இல்லை. மாமியார் போன பிறகும் கிறிஸ்துமஸுக்கு மாமியாரின் வான்கோழிதான். வேகவைத்தவள் மட்டும் ஒடில்.

இந்த வருடம் மாட்டின் மார்க்கறியில் ஒரு பெரிய துண்டு வாங்கினாள். உப்பு, இடித்த மிளகு, கொத்தமல்லி விதை, கடுகு எல்லாம் அப்பி, ஒரு வாரத்துக்கு மேல் குளிர்பெட்டியில் கிடத்தினாள். பெட்டி முழுக்க அதுவே. மற்றதெல்லாம் பண்டிகை நாட்களில் எல்லா வீட்டிலும் நடப்பதுபோல பால்கனிக் குளிருக்குப் போயின. பிறகு பின்சந்தில் பனியை வெட்டி ஒதுக்கி, பழைய தகரப் பீப்பாயில் மேப்பிள் கட்டை போட்டுப் புகை மூட்டினாள்.

மேல்மாடிக்காரன் எட்டிப்பார்த்தான். "ஒடில், எந்த வீடு எரியுது?"

"மாமியார் வீடு!"

கிறிஸ்துமஸன்று காலையிலிருந்து கறி ஆவியில் வெந்துகொண்டிருந்தது. கிழங்கை ஒருமுறை வறுத்து எடுத்து ஆறவைத்திருந்தாள். சாப்பிடும் நேரத்துக்கு இன்னொருமுறை வறுக்க வேண்டும். முந்தின நாள் வாங்கிய சீஸ் கட்டிகள் அடுப்புமேடை ஓரத்தில் பையோடு இருந்தன. அவற்றைக் குளிரில் வைக்கக் கூடாது. வைத்தால், புதுசுக்கு அடையாளமான அந்தக் கீச் சத்தம் பல்லில் வராது. கீச்சிடாத சீஸை ஜன்னலில் ஒருவனும் காசு கொடுத்து வாங்கியதில்லை.

பியெரெத் வான்கோழியோடு வந்தாள். இரும்புப் படிகளில் அதைத் தூக்கிவந்த அவள் கணவன் க்ளெமான் மூச்சு வாங்கினான். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நான் வெறும் டிரைவர்."

"யாருக்காவது பூட்டீன் ஒத்துக்கலைன்னா?" என்றாள் பியெரெத். ஒடில் உள்ளறைக்கு மேசைத் துணி தேய்க்கப் போனாள்.

திரும்பி வந்தபோது அடுப்புமேடையில் வான்கோழி உட்கார்ந்திருந்தது. சீஸ் பையைக் காணோம்.

"இங்க இருந்த பை?"

"இடமில்லன்னு எல்லாத்தையும் பால்கனியில வச்சேன்," என்ற பியெரெத்தின் முகம் சொன்ன பிறகுதான் மாறியது. அவளும் இந்த ஊரில் பிறந்தவள்தான், சீஸ் குளிரக் கூடாதென்று தெரியும். கை பழக்கத்தில் செய்துவிட்டது.

ஒடில் பையை எடுத்துவந்து ஒரு கட்டியைக் கடித்தாள். கூழாங்கல்.

"குழம்பு ஊத்தினா எல்லாம் ஒண்ணுதானே," என்றாள் பியெரெத். பிறகு மெதுவாக, "நல்லவேளை, வான்கோழி இருக்கு."

ஜோசே அப்போதுதான் வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அம்மாவையும் பார்த்தாள், அத்தையையும் பார்த்தாள்.

ஒடில் எண்ணெய் அடுப்பை அணைத்தாள். ஏப்ரனுக்கு மேலேயே கோட்டை மாட்டினாள். "நான் வர்றவரைக்கும் யாரும் உக்காரக் கூடாது."

மூலைக்கடையை நடத்துகிற வியட்நாம்காரர் எந்தப் பண்டிகைக்கும் கடை அடைப்பதில்லை. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பை சீஸ் இருந்தது.

"நேத்து வந்ததா?"

"நேத்துதான். ஏன், வீட்டுல இல்லியா?"

"நாத்தனார் இருக்காங்க."

"அப்ப எடுத்துக்கங்க," என்றார் அவர்.

திரும்பி வந்தபோது வான்கோழி மேசையின் நடுவில் இருந்தது. க்ளெமான் கையில் கத்தி. ஜோசே மட்டும் உட்காராமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆறிடும்னுதான்..." என்றாள் பியெரெத்.

ஒடில் கோட்டைக் கழற்றவில்லை. வான்கோழியைத் தட்டோடு தூக்கினாள்.

"ஜோசே, கதவைத் திற."

ஜோசே நாற்காலியை விட்டாள். பிறகு போய்த் திறந்தாள். பீர் பெட்டிக்கும் வாளிக்கும் நடுவே, பனிமேல், வான்கோழி இறங்கியது.

"ஒடில்! அது எங்கம்மா செய்யிற மாதிரியே செஞ்சது!"

"தெரியும். இத்தனை வருஷம் நான்தானே செஞ்சேன்." ஒடில் கதவைச் சாத்தினாள். "உங்கம்மா சாகிறவரைக்கும் என் தலையை மோந்து பார்த்துட்டுத்தான் உள்ள விட்டாங்க. இன்னிக்கு நான் தலை அலசல. வீடே எண்ணெய் நாறுது. மோந்து பாக்கணும்னா வாங்க, குனியுறேன்."

யாரும் வரவில்லை. க்ளெமான் கத்தியை ஓசைப்படாமல் கீழே வைத்தான்.

அவள் எண்ணெயைக் காயவைத்து, கிழங்கை இரண்டாம் முறை வறுத்தாள். தட்டுகளில் போட்டு, மேலே சீஸைத் தூவி, குழம்பை ஊற்றினாள். கொழுப்பு நீக்காமல், விரல் கனத்துக்கு அரிந்த கறியை அதன்மேல் குவித்தாள். வெள்ளி முள்கரண்டிகளையே வைத்தாள்.

முதலில் ஜோசே சாப்பிட்டாள். "அப்பா ஒருநாள் கடைக்குக் கூட்டிட்டு வந்தாரு. வீட்டுல சொல்லாதேன்னாரு," என்றாள். "இது அதைவிட நல்லா இருக்கு."

"அவரு வீட்டுல சொல்லியிருக்கணும்," என்றாள் ஒடில்.

பியெரெத் ஒரு துண்டு சீஸை வாயில் போட்டு, மிக மெதுவாக மென்றாள். சத்தம் வராமல் மெல்லுவதற்குப் பார்த்தாள். கீச். நிறுத்தினாள். மறுபடி மென்றாள். கீச், கீச்.

"கேக்குது," என்றான் க்ளெமான் தட்டிலிருந்து தலை தூக்காமல்.

"வாயை மூடிட்டுத் தின்னுங்க."

தட்டில் பாதி காலியானதும் பியெரெத் அதைக் கொஞ்சம் முன்னே தள்ளினாள். ஜன்னலுக்கு வருகிறவர்கள் அப்படித்தான் தள்ளுவார்கள். "குழம்பு இன்னும் இருக்கா?"

ஒடிலின் முழங்கால்கள் பழக்கத்தில் எழப்பார்த்தன. அவள் எழவில்லை.

"சட்டி அடுப்புல இருக்கு. ஊத்திக்கங்க. அடுத்த வருஷம் வரும்போது வான்கோழியைத் தூக்கிட்டு வராதீங்க அண்ணி. படி வழுக்கும்."

பியெரெத் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு அடுப்பை நோக்கிப் போனாள்.