துவைத்து வந்த அழுக்குத் துணி

என் மாமா ஒரு தொழிலை ஆரம்பிக்கிறார் என்றால் முதலில் பெயர்ப்பலகை வரும். தொழில் அப்புறம் வரும், சில சமயம் வராமலே போகும். வண்ணமீன் கடைக்கு ஒன்று, செல்போன் உறை விற்க ஒன்று, வாடகை சைக்கிளுக்கு ஒன்று என்று எழுதி வாங்கியவற்றில் இரண்டு இப்போது அத்தையின் சமையலறையில் அலமாரித் தட்டுகளாக இருக்கின்றன. சாமான்களைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் மீனின் வால் தெரியும்.

அத்தை என் அப்பாவின் தங்கை. நாங்கள் மாடியில், அவர்கள் கீழே. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, மடித்து அடுக்குவாள். பேச்சும் அப்படித்தான், மடித்து மடித்து வைப்பாள். மாமாவுக்குச் சொந்தமாக ஒரு பள்ளிக்கூட வேன் இருந்தது. காலையில் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் கூட்டி வருவார். நடுவில் இருக்கும் நேரத்தில் மனக்கோட்டை கட்டுவார். அத்தனை கோட்டைகள் சரிந்தும் வீட்டில் உலை கொதித்ததற்குக் காரணம் அந்த வேனும் அத்தையின் சம்பளமும்தான்.

இந்தத் தடவை யோசனை மாமாவுடையது அல்ல, அத்தையுடையது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சாதாரணமாகச் சொன்னாள்: "பஸ்ல வரும்போது பாக்கறேன், எல்லா வீட்டு ஜன்னல்லயும் ஸ்கிரீன் அழுக்கா தொங்குது. துவைக்கறது கஷ்டமில்ல. கழட்டி மாட்டறதுதான் கஷ்டம். அதை யாராவது செஞ்சு குடுத்தா நல்லாருக்கும்."

அவ்வளவுதான் சொன்னாள். மறுநாளே மாமா கடைத்தெருவில் ஒரு இடத்தைப் பார்த்துவிட்டு வந்தார். ஓட்டல் ஒன்றில் கழித்துக் கட்டிய ராட்சச சலவை இயந்திரம் விலைக்கு இருப்பதாகச் சொன்னார். அதை வாங்க வேனை விற்றுவிடலாம், ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறார் என்றும் சொன்னார். அத்தைக்குக் கையில் எடுத்தது வாய்க்குப் போகவில்லை. தன் வாயிலிருந்து வந்த வார்த்தையே வீட்டு வேனைக் கொண்டுபோகப் போகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

அவள் சண்டை போடவில்லை. சண்டை போட்டால் மாமா மதியத்துக்குள் விற்றுவிடுவார்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் எனக்கு விடுங்க," என்றாள். "நம்ம வீட்டு மெஷின், மொட்டைமாடிக் கொடி, பெயிண்டர்கிட்ட ஒரு ஏணி. இதை வச்சு நாலு வீட்டுக்குச் செஞ்சு பாத்துருவோம்."

"செஞ்சு என்ன பாக்கறது? அதான் நல்லாருக்கும்னு நீயே சொன்னியே."

"எனக்கு நல்லாருக்கு. காசு குடுக்கறவங்களுக்கு நல்லாருக்கான்னு பாக்கணுமில்ல?"

மாமா அரைமனதாகத் தலையாட்டினார். அத்தை ஆஸ்பத்திரியில் லீவு சொன்னாள்.

முதல் வாடிக்கையாளர்களை மாமாவே பிடித்துக் கொடுத்தார். சொந்தக்காரர்களுக்குச் சொல்லியனுப்பியதும் மூன்று வீட்டிலிருந்து அன்றைக்கே சரி என்று பதில் வந்தது. ஒன்று மாமாவின் அக்கா வீடு, ஒன்று பெரியம்மா வீடு, மூன்றாவது மாடியிலிருக்கும் எங்கள் வீடு. எல்லோரும் வாய் நிறையப் புகழ்ந்தார்கள். இப்படி ஒன்று இல்லையே என்று ஏங்கிக்கொண்டிருந்தார்களாம். காசையும் முன்னாலேயே நீட்டினார்கள். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. பலகையில் என்ன நிறம் போடலாம் என்று என்னிடம் வந்து கேட்டார்.

அத்தை துணிகளை வாளியில் ஊறப்போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தவள் அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் குடிக்கலாம் போலத் தெளிவாக இருந்தது. துணியை எடுத்து மோந்து பார்த்தாள், சோப்பு வாசனை வந்தது. இன்னும் வாளியில் போடாத பெரியம்மா வீட்டுத் திரைச்சீலையின் கீழ் மடிப்பில் பழைய ஈரம்கூடப் போகவில்லை. நேராக மாடி ஏறி வந்து என் அம்மா முன்னால் நின்றாள்.

"அண்ணி, உண்மையச் சொல்லுங்க. துவைச்சுட்டா குடுத்தீங்க?"

அம்மா நெளிந்தாள். "பின்ன என்ன? அந்த அழுக்கோடயா உன் கையில குடுப்பாங்க? என் வீட்டை நீ என்னன்னு நினைப்பே?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அத்தை சிரிக்கவில்லை. மூன்று வீட்டிலும் ராத்திரியோடு ராத்திரியாகக் கழற்றி, துவைத்து, காயவைத்து, அப்புறம் துவைக்கக் கொடுத்திருக்கிறார்கள். கழற்றி மாட்டுகிற கஷ்டத்தையும் பட்டு, காசையும் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் ஆட்களின் பாசம் இப்படித்தான், உதவி செய்கிறேன் பேர்வழி என்று ஆளைக் குழியில் தள்ளிவிடும். இதை நம்பி வேனை விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோதுதான் எனக்கும் சிரிப்பு நின்றது.

மறுநாள் அத்தை, நம்மை யாருக்கும் தெரியாத தெருவாகப் பார்த்துக் கிளம்பினாள். மாமா வேன் கூரையில் ஏணியைக் கட்டிக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்தபடி கூடப் போனார், நானும் தொற்றிக்கொண்டேன். முதல் வீட்டில் "பாக்கலாம்" என்றார்கள். அடுத்த வீட்டில் "அவர் வரட்டும், கேட்டுச் சொல்றேன்." மூன்றாவது வீட்டுக் கதவு நாங்கள் பேசி முடிப்பதற்குள் சாத்திக்கொண்டது. கடைசியாக ஒரு பெண் மட்டும் நின்று மனம்விட்டுப் பேசினாள்.

"ஆசைதாங்க. ஆனா நீங்க கொண்டுபோயிட்டா அதுவரைக்கும் ஜன்னல் வெறுமனே இருக்குமே. எதிர்வீட்டு ஹாலும் எங்க ஹாலும் ஒண்ணாயிடும்."

மாமாவின் சுருதி இறங்கிவிட்டது. "இது தேறாது," என்றார். அத்தை வீட்டுக்கு வந்தாள். தன் வீட்டு ஜன்னல்களில் இருந்த எல்லாத் திரைச்சீலைகளையும் கழற்றி, இஸ்திரி போட்டு, பையில் வைத்துக்கொண்டு மறுபடி அதே தெருவுக்குப் போனாள். உங்களுடையது திரும்பி வரும்வரை இது தொங்கட்டும் என்றாள். அன்றிலிருந்து கீழ்வீட்டில் மாமா அலமாரிக் கதவுக்குப் பின்னால் ஒடுங்கி நின்றுதான் சட்டை மாற்றினார்.

இந்த முறை கதவுகள் திறந்தன. எதிர்வீட்டுக்குப் பயந்த பெண் கொடுத்தாள். பக்கத்துத் தையல்காரர் கொடுத்தார். முழங்கால் வலியோடு தனியாக இருக்கும் டைப்பிஸ்ட் அம்மா ஒருவர் எல்லா ஜன்னலையும் காட்டினார். மாமா நல்ல உயரம். ஏணியில் ஏறினாரானால் கம்பியை அலுங்காமல் இறக்கி, வளையங்களை எண்ணி ஒரு டப்பாவில் போட்டுத் தருவார். அந்தக் கைக்கு அப்படியொரு பதவிசு இருப்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் அத்தை வாளியைப் பார்த்துவிட்டு மாமாவைக் கூப்பிட்டாள். "இங்க வாங்களேன். தண்ணியப் பாருங்க."

தண்ணீர் கன்னங்கரேல் என்று இருந்தது. இருவரும் வாளிக்கு இரண்டு பக்கமும் குனிந்து நின்று அதை ரசித்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்ப மாட்டப் போனபோது டைப்பிஸ்ட் அம்மா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மாமா கடைசிக் கொக்கியை மாட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கிட்டயே மெஷின் இருக்கு தம்பி. துவைக்கறது அது பாட்டுக்குத் துவைக்கும். ஏறத்தான் ஆள் இல்ல. அடுத்த தடவை ஏணியோட வாங்க, போதும்," என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் மாமா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் அத்தைக்குத் துணி மடிக்க உதவிக்கொண்டிருந்தேன்.

"அப்ப பெரிய மெஷின் வேணாம்," என்றார் மெதுவாக.

"வேணாம்."

"கடையும் வேணாம்."

"ஜன்னலை யாரும் கடைக்குத் தூக்கிட்டு வரப்போறதில்லயே. பிள்ளைங்கள விட்டுட்டு வந்து, திரும்பக் கூப்பிடப் போற வரைக்கும் நீங்க சும்மாதானே இருக்கீங்க. ஒரு நாளைக்கு ஒரு வீடு, ரெண்டு வீடு செய்யலாம்."

"இவ்வளவுதானா?"

"இப்போதைக்கு இவ்வளவுதான்."

மாமாவின் முகம் தொங்கிப்போயிற்று. பெரிய கடை, கல்லாப்பெட்டி, நாலு வேலையாட்கள் என்று அவர் மனதில் கட்டியிருந்தது எல்லாம் ஒரு ஏணியாகச் சுருங்கிவிட்டது. எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். விற்பேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவரை எனக்குத் தெரியும். சின்னதாக எதையும் அவரால் தாங்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை வேன் வாங்குகிறவர் வந்தார். சுற்றி வந்து டயரை மிதித்துப் பார்த்தார், கதவைத் திறந்து மூடினார். மாமா சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அத்தை கூடவே போகவில்லை. ஜன்னலோரமாகச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலித்தது. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"மன்னிச்சுக்குங்க, வண்டி விக்கறதுக்கு இல்ல," என்று மாமாவின் குரல் கேட்டது.

"என்னங்க, வேற யாராவது கூடக் கேட்டாங்களா?"

"அதெல்லாம் இல்ல. ஒரு தொழில் ஆரம்பிச்சிருக்கோம். அதுக்கு வண்டி வேணும்."

"அப்படியா? என்ன தொழில்?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இந்தக் கேள்விக்கு மாமா பதில் சொல்ல ஆரம்பித்தால் வந்தவர் மதியச் சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேர முடியாது.

"சின்னதுதாங்க," என்றார் மாமா. "வீட்ல அவ ஆரம்பிச்சது. நான் ஏணி பிடிக்கறேன்."

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் பதறிப்போய், வேன்தான் தப்பித்துவிட்டதே அத்தை, இன்னும் எதற்கு அழுகை என்று கேட்டேன்.

"வேன் கிடக்கட்டும் விடு. கல்யாணம் ஆனதிலேர்ந்து அந்த மனுஷன் எதையுமே சின்னதுன்னு சொல்லி நான் கேட்டதில்லடி," என்றாள்.