தம்பிக்குக் குரல் வராமல் போனது

என் தம்பிக்கு ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர் வேலை கிடைத்தபோது, அது என்ன வேலை என்று நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்கில் யாருக்கும் தெரியவில்லை. மைன்ஸில் ஷிஃப்டு பார்த்துக்கொண்டிருந்த அப்பா, பறக்கிற விமானங்கள் மோதாமல் பார்த்துக்கொள்கிற உத்தியோகம், பர்மனென்ட் என்று விளக்கினார். அந்தக் கடைசிச் சொல்லுக்குத்தான் எல்லாரும் தலையசைத்தார்கள்.

இரண்டு விமானங்களுக்கு நடுவே உயரத்தில் ஆயிரம் அடி இருக்க வேண்டும், இல்லையென்றால் பக்கவாட்டில் சில மைல்களாவது இருக்க வேண்டும் என்று தம்பி எனக்குச் சொல்லியிருக்கிறான். திரையைப் பார்த்தபடி விமானிகளிடம் பேசிப் பேசியே அந்த இடைவெளியைக் காப்பாற்றுவான். இவன் சொன்னதை விமானி திருப்பிச் சொல்ல வேண்டும். அது சரிதானா என்று இவன் காதுகொடுத்துக் கேட்க வேண்டும்.

ஒரு மழைநாள் பிற்பகல். மேகங்களைச் சுற்றிப் போக எல்லா விமானங்களும் ஒரே நேரத்தில் வழி கேட்டுக்கொண்டிருந்தன. இறங்கி வந்த ஒரு விமானத்தை ஓர் உயரத்துக்குக் கீழே இறங்காமல் பறக்கச் சொன்னான். விமானி அதைவிடத் தாழ்வான உயரத்தைத் திருப்பிச் சொன்னார். இன்னொருவர் குறுக்கே பேசியதில் அது இவன் காதில் விழவில்லை. சற்று நேரத்தில் திரையில் இரண்டு புள்ளிகள் சிவந்தன. கீழிருந்து வேறொரு விமானம் ஏறிக்கொண்டிருந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். வாயைத் திறந்தான். குரல் வரவில்லை.

விமானங்களுக்குள் இருந்த எச்சரிக்கைக் கருவிகளே ஒரு விமானியை ஏறவும் மற்றவரை இறங்கவும் சொல்லிவிட்டன. இரண்டும் விலகிப் போயின. உள்ளே இருந்தவர்கள் வீடு போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார்கள்.

விசாரணையில் அவன்மேல் பெரிய தப்பில்லை என்றார்கள். மறுபடி பயிற்சி கொடுத்து, பக்கத்தில் ஒரு சீனியரை வைத்து உட்காரவைத்தார்கள். அவனோ தேவையானதைவிட இரண்டு மூன்று மடங்கு இடைவெளி விட்டான். இறங்க வேண்டிய விமானங்கள் வானத்திலேயே வட்டமடித்தன. சீனியர் அவன் தோளைத் தொட்டு, எழுந்திருப்பா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாராம். அப்படிப் பலமுறை ஆன பிறகு லீவு போட்டுவிட்டு நெய்வேலிக்கு வந்துவிட்டான்.

நான் பக்கத்தில் மந்தாரக்குப்பத்தில் டீச்சர். அம்மா போன பிறகு குவார்ட்டர்ஸில் நானும் அப்பாவும்தான். கொஞ்சநாள் ஓய்வெடுத்தால் தேறிவிடுவான் என்று நினைத்தோம். அவனோ, கேஸ் சிலிண்டரை மூடிவிட்டேன் என்று நான் சொன்னால், எதை மூடினேன் என்று திருப்பிச் சொல்லச் சொன்னான். ஷிஃப்டுக்குக் கிளம்பும் அப்பாவை வாசலில் நிறுத்தி, எப்போது வருவார் என்று கேட்பான். பதில் வந்ததும் இன்னொரு தடவை கேட்பான். அப்பா கொஞ்சநாள் பொறுத்தார். பிறகு பின்கதவைத் திறந்து தோட்டத்து வழியாகப் போக ஆரம்பித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அப்பா கேட்டேவிட்டார்.

"ஒண்ணும் ஆவலயேடா. யாரும் சாவல. எதுக்கு வூட்டுலயே குந்திகினு இருக்கே?"

தம்பி சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். "ஆகலதான். ஆனா ஆகாமப் போனதுக்கு நான் காரணம் இல்லப்பா. அந்த நேரத்துல நான் அங்க இருந்ததும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்."

கூட வேலை பார்த்த எத்தனையோ பேருடைய சாவுக்குப் போனவர் அப்பா. மாலை வாங்கத் தெரியும், அந்த வீட்டில் போய் உட்காரத் தெரியும். ஒன்றுமே நடக்காததற்கு எப்படித் துக்கம் விசாரிப்பது என்று எனக்கும் தெரியவில்லை.

கடலூரில் ஒரு மனநல டாக்டரிடம் அழைத்துப் போனேன். மாத்திரையில் தூக்கம் வந்தது. வேறொன்றும் மாறவில்லை. திரும்பி வருவாயா என்று ஆபீஸிலிருந்து கடைசியாகக் கேட்டபோது, வரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டான். எங்களிடம் மறுநாள்தான் சொன்னான்.

அப்பா ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டுக்கு வந்தோம். தம்பி குளிக்கப் போகும் நேரம் பார்த்து அப்பா என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்பார், டாக்டர் என்னம்மா சொல்கிறார் என்று. இன்னும் கொஞ்சநாள் ஆகுமாம் என்பேன். தம்பி டாக்டரிடம் போவதை நிறுத்தி வெகுநாளாகிறது. அது அப்பாவுக்கும் தெரியும்.