ஐந்தாணிப் பலகை

கனகசுந்தரம் கெட்ட மனுசன் இல்லை. தம்பலகாமத்துக்குப் பின்னால் இருக்கிற பாலைமலைப் பூங்காவில் பன்னிரண்டு வருசமாக வழிகாட்டி. யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று வழியில் கிடக்கிற லத்தியைப் பார்த்துச் சொல்லுவார். மலையேறுகிறவர் மூச்சு வாங்கினால் அவருடைய பையையும் வாங்கித் தன் தோளில் போட்டுக்கொள்ளுவார். ஒரேயொரு குறை: யாராவது நாலு பேர் வாயைப் பிளந்து கேட்டால் மனுசனுக்குத் தலைகால் புரியாது. அந்தக் குறைதான் அவருடைய வாழ்க்கையில் மண்ணைப் போட்டது.

தொடங்கியது ஒரு சின்ன விசயத்தில். மூதூரிலிருந்து ஹஸ்மி என்றொரு வாத்தியார் தன் ஆட்களோடு வந்திருந்தார். மூன்று மணித்தியாலம் மலையில் நடந்தும் மந்திக் குரங்கையும் இரண்டு மயிலையும் தவிர ஒன்றும் அகப்படவில்லை.

"என்ன அண்ணன், காடு எண்டு கூட்டி வந்து குரங்கைக் காட்டுறீங்க? இதவிடக் கூடக் குரங்கு எங்கட வீட்டுக் கூரையில நிக்குது!" என்றார் ஹஸ்மி.

எல்லோரும் சிரித்தார்கள். கனகசுந்தரமும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு வீடுவரை அவருக்குப் பின்னால் வந்தது. அடுத்த நாள் ஒரு பலகைத் துண்டை எடுத்தார், நீட்டாணி ஐந்தை வரிசையாக அடித்தார். கரடிக்கு ஐந்து நகம். அதில் அவர் பிழை விடவில்லை. மேற்குப் பாதையில் நான்கு பாலை மரங்களைத் தேர்ந்து, எட்டிய உயரத்திலிருந்து பட்டை உரியக் கீழே இழுத்து விட்டார்.

ஐயோ, அதற்குப் பிறகு பார்க்க வேண்டுமே! "பாருங்கோ, விடியப்புறம் ஏறியிருக்குது. பெரிய சாமான். சத்தம் போடாதேங்கோ," என்று அவர் குரலைத் தாழ்த்தினால் போதும், வந்தவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ளுவார்கள். அந்த மரங்களோடு நின்று படம் எடுக்காமல் யாரும் இறங்குவதில்லை. காய்ந்த கீறலுக்கு மாதம் ஒருமுறை புதுக்கீறல் போடுவார். யாருக்கும் நட்டமில்லை என்றுதான் நினைத்தார். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார்.

வைகாசி பிறந்து பாலைப்பழம் பழுக்கத் தொடங்கியது. அந்தச் சுற்றுவட்டாரத்துப் பெண்கள் விடிய வெள்ளனப் பெட்டியோடு காட்டோரம் போய்ப் பழம் பொறுக்கி, கண்டி ரோட்டில் வைத்து விற்பார்கள். கனகசுந்தரத்தின் வீட்டுக்கு நாலு வளவு தள்ளி இருக்கிற குணேஸ்வரியும் அவர்களில் ஒருத்தி. ஒரு நாள் பூங்கா வாசலில் அவரைக் கண்டதும் நின்றாள். அவரைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் மலையேறக் காத்து நின்றார்கள்.

"அண்ணை, மேற்குப் பக்கம் கரடி நிக்குதாமே? மரமெல்லாம் கீறிக் கிடக்கு. நாங்கள் எப்பவும் பொறுக்கிற இடமெல்லோ. உண்மையோ?"

பதினைந்து முகமும் கனகசுந்தரத்தைப் பார்த்தன.

"ஓம் தங்கச்சி. அங்கால போயிடாதேங்கோ," என்றார், அதே தாழ்ந்த குரலில்.

"அப்ப ஆத்துப் பக்கம் போறம்."

கரடி இருந்தால் ஆற்றோரத்துப் பற்றைப் புதருக்குள்தான் இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். அவளைக் கூப்பிடத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் யாரோ "எவ்வளவு பெரிசு?" என்று கேட்டுவிட்டார்கள். அவர் கையை விரித்துக் காட்டத் தொடங்கினார்.

மூன்றாம் நாள் ஆற்றோரத்தில் குனிந்து பழம் பொறுக்கிக்கொண்டிருந்த குணேஸ்வரியின் மேல் கரடி பாய்ந்தது. கூடப் போனவர்கள் கத்திக் குழறித் துரத்தியதால் உயிர் தப்பினாள். இடது கண் போய்விட்டது. நெற்றியிலிருந்து தாடைவரை தையல்.

அவள் ஆஸ்பத்திரியால் வந்த பிறகும் கனகசுந்தரம் போய்ப் பார்க்கவில்லை. பப்பாசிப் பழத்தை மனைவி புஷ்பவதியிடம் கொடுத்து அனுப்பினார். அவளுடைய வாசற்படலையைக் கடக்கும்போது சைக்கிளை வேகமாக மிதித்தார். கடைசியில் அவளே ஆள் விட்டுக் கூப்பிட்டாள். கதிரை போட்டு இருத்தி, பிளேன்ரீ கொடுத்தாள்.

"உங்களுக்குத்தான் அண்ணை நன்றி சொல்லோணும். நீங்கள் மறிக்காட்டி மேற்குப் பக்கம் போயிருப்பம். இஞ்சாலயே இப்பிடியெண்டால், அங்க போன ஒருத்தரும் திரும்பி வந்திருக்கமாட்டம். வாற போற எல்லாருக்கும் இதைத்தான் சொல்லுறனான்."

தேத்தண்ணியை அப்படியே கீழே வைத்தார். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இது என்ன கொடுமை! முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் எழும்பி வந்தார். வழியில் கடைக்காரர், "கனகண்ணை, உங்களாலதானாம் அந்தப் பிள்ளை தப்பினது," என்றார். அன்றைக்கு வெட்கத்தில் சாப்பிடவும் ஏலவில்லை, புஷ்பவதியின் முகத்தைப் பார்க்கவும் ஏலவில்லை.

விடிந்ததும் பலகையைப் பழைய சாரத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு குணேஸ்வரியிடம் போனார். வளவில் வேறு யாரும் இல்லை. சுற்றை அவிழ்த்து அவள் மடியில் வைத்தார்.

"மேற்குப் பக்கம் கரடி இல்லைப் பிள்ளை. ஒருநாளும் இருக்கேல்ல. இதாலதான் கீறினனான்."

அவள் ஒரு விரலால் ஆணிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"நான் கேட்டனான்தானே அண்ணை. வாசல்ல வைச்சு உங்களக் கேட்டனான். இல்லையெண்டு ஒரு சொல்லுச் சொல்ல என்ன வந்தது?"

"ஆக்கள் நிண்டவை, பிள்ளை."

அதைச் சொன்ன பிறகுதான் அது அவருடைய காதிலேயே விழுந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

குணேஸ்வரி மிஞ்சிய ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தாள். "இப்ப ஒருத்தரும் இல்லை. அதுதான் வந்து சொல்லுறீங்கள்," என்றாள். பலகையைத் திருப்பி நீட்டினாள். "கொண்டு போங்கோ."

அன்றைக்குப் பூங்கா வாசலில் இருபது பேருக்கு மேல் நின்றார்கள். மேலதிகாரியும் நின்றார். கனகசுந்தரம் எல்லோரையும் மேற்குப் பாதையால் கூட்டிப்போய் முதலாவது பாலை மரத்தடியில் நிறுத்தினார். ஆட்கள் போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

"இது கரடி கீறினதில்லை. நான் கீறினது," என்றார்.

பகிடி என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். ஒருவர் கையும் தட்டினார். கனகசுந்தரம் சாரத் துணிச் சுற்றை அவிழ்த்துப் பலகையை எடுத்து, ஐந்து ஆணியையும் அந்த ஐந்து கீறலில் வைத்து அழுத்தினார். சிரிப்பு நின்றது. மேலதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். கனகசுந்தரம் கையைக் காட்டி மறித்தார், இன்னும் முடியவில்லை.

ஓடிவிட வேண்டும் போல் இருந்தது. ஓடாமல் நின்று, எல்லோருக்கும் கேட்கிற குரலில், குணேஸ்வரியின் பெயரைச் சொல்லித் தொடங்கினார்.