வராதவர்கள் எழுதிய மொய்

ஒரு மெஸ் மாடியில், பதினைந்து வாழை இலைகள் ஃபேன் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன. இலை இருந்தது. பக்கத்தில் தண்ணீர் டம்ளர் இருந்தது. ஆள்தான் இல்லை.

இது நடந்தது இரண்டு ஞாயிறுகளுக்கு முன்பு, சுங்குவார்சத்திரத்தில்.

எங்கள் கம்பெனி பஸ்ஸைப் பதினெட்டு வருடம் ஓட்டிய ஏழுமலை அண்ணன் ஓய்வு பெற்றார். ஒரு நாள்கூட எங்களுக்கு லேட் பஞ்ச் விழாமல் ஒரகடம் கேட்டில் இறக்கிவிட்டவர். அவருக்கு ஒரு பிரியாணி விருந்து வைக்க வேண்டும் என்று பஸ்ஸில் யாரோ சொன்னார்கள். சரி, யார் ஏற்பாடு செய்வது? முப்பத்தோரு பேர் உடனே ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கவனிக்கவில்லை.

ஸ்டோர்ஸில் வேலை பார்ப்பவன் நான். கையெழுத்து வாங்காமல் ஒரு போல்ட்டைக்கூட வெளியே விட்டதில்லை. அந்தப் புத்திசாலிதான் வாட்ஸ்அப் குரூப்பில் விழுந்த கட்டைவிரல்களை எண்ணி, 'ஆள் முப்பத்திரண்டு' என்று மெஸ்ஸில் போய்ச் சொன்னான். முன்பணம் வாங்கினாயா என்கிறீர்களா? நல்ல காரியத்துக்குப் போய் முன்பணம் கேட்பதா என்று... ஒரு கௌரவம்.

மெஸ் நடத்துவது ரோஸி அக்கா. தலைக்கு நானூறு. அண்ணனுக்கும் அவர் மனைவிக்கும் காசு வேண்டாம் என்று அக்காவே சொல்லிவிட்டார். வந்தவர்கள், என்னையும் சேர்த்து, பதினேழு பேர்.

"மீதிப் பேரு எங்க சார்?" என்றார் அண்ணன்.

"எல்லாருக்கும் திடீர்னு ஓ.டி. போட்டுட்டாங்க அண்ணே."

அவர் பிரியாணியைக் கிளறியபடியே சொன்னார்: "ஞாயித்துக்கிழமை ஓ.டி.ன்னா சனிக்கிழமையே என்கையில லிஸ்ட்டு குடுத்துருப்பாங்களே சார்."

அவர் மனைவி இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். நானும்தான்.

எல்லோரும் போன பிறகு ரோஸி அக்கா வந்து எதிரில் உட்கார்ந்தார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

"நீங்க குடுத்தது அரிசிக்கும் ஆள் கூலிக்கும் சரியாப் போச்சு சார். கறி, பாய் கடையில கடனா எடுத்துகினு வந்தேன். ஆறாயிரம். வர்ற சனிக்கிழம கட்டலன்னா அடுத்த வாரம் கறி இல்லன்னுட்டாரு. கறி இல்லாம நான் மெஸ்ஸுன்னு இன்னாத்த நடத்துறது?"

நானே கொடுத்துவிட்டால் என்ன என்று வீட்டில் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். "போன ஆயுத பூஜைக்கு பஸ்ஸுக்கே வாங்கிக் குடுத்த ஐஸ்கிரீம் காசு வந்துடுச்சா?" என்றாள் மனைவி. மாசக் கடைசி வேறு. பேச்சு அத்தோடு முடிந்தது.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் வசூலுக்குக் கிளம்பினேன். ஐம்பத்திரண்டு வயதில், ஓடுகிற பஸ்ஸில், கம்பியைப் பிடித்துக்கொண்டு சீட் சீட்டாகப் போய்க் கடன் கேட்பது தனிப் பயிற்சி. கண்டக்டர்கள் மேல் மரியாதை வந்தது.

"கட்டைவிரல் போட்டேன்னா, மெசேஜ பாத்தேன்னு அர்த்தம் சார். வர்றேன்னா சொன்னேன்?" என்றார் ஒருவர்.

"நான் வியாழக்கிழமையில இருந்து மாலை போட்டுகினு கீறேன். வந்துருந்தாலும் துன்னுருக்க மாட்டேன்," என்றார் இன்னொருவர்.

தென்காசிக்காரத் தம்பி மட்டும் பணிவாகச் சொன்னான்: "நான் வரலன்னு உங்ககிட்ட சொல்லவே இல்லையே அண்ணாச்சி." கம்பி மாற்றிப் பிடித்து அடுத்த சீட்டுக்கு நகர்ந்தேன்.

எல்லோருக்கும் தலைவர், லைன் சூப்பர்வைசர் பாபு. "துன்னாத சோத்துக்கு நான் எதுக்கு சார் காசு குடுக்கணும்? நியாயமா சொல்லுங்க." பஸ்ஸே தலையாட்டியது. நியாயமாகத்தான் இருந்தது. எனக்கே நானூறு ரூபாய் கேட்க வெட்கமாகிவிட்டது.

செவ்வாய் போனது. புதனும் போனது. வசூல்: பூஜ்யம்.

வியாழக்கிழமை காலை, அதே பாபு முன் சீட்டுக்காரரிடம் ஒரு கவரை நீட்டினார். "வடக்குப்பட்டு கல்யாணத்துக்கு நீ போறல்ல? நமக்கு ஷிஃப்ட்டு. ஐந்நூத்தியொண்ணு கீது. இனிஷியலோட எழுதச் சொல்லு. பாபுன்னு நெறைய பேரு கீறானுங்க."

பேப்பரை மடித்து வைத்தேன்.

போகாத கல்யாணம். சாப்பிடாத சாப்பாடு. ஐந்நூற்றியொன்று! நமக்குப் பிரச்னை பணமே இல்லை. கேட்டு வாங்கினால் அது தண்டம். நோட்டில் பேர் ஏறினால் உறவு. இவ்வளவு படித்து என்ன பிரயோஜனம், இதைப் புரிந்துகொள்ள நான்கு நாள் ஆகியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய நாற்பது பக்க நோட்டு ஒன்றோடு பஸ் ஏறினேன். பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே, 'ஏழுமலை அண்ணன் பிரிவு விருந்து – மொய்'. ஒன்றும் கேட்கவில்லை. நோட்டையும் பேனாவையும் முதல் சீட்டில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

முதல் ஆள் நோட்டைப் பார்த்தார். பின்னால் திரும்பிப் பார்த்தார். நானூற்றியொன்று எழுதினார். அடுத்தவர் அதைப் படித்துவிட்டு ஐந்நூற்றியொன்று எழுதினார். மாலை போட்டவர் சாமியே என்று சொல்லி எழுதினார். நோட்டு பாபுவிடம் வந்தது. தலைப்பை இரண்டு தரம் படித்தார்.

"ஒரு சந்தேகம் சார். மொய்யின்னா விருந்து வெச்சவங்க பேர்லதான எழுதணும்? அண்ணன் விருந்தாளி. விருந்து வெச்சது யாரு?"

முப்பத்தோரு பேரும் இந்த முறை ஜன்னலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள்.

பாபு தலைப்பை அடித்துவிட்டு என் பேரை எழுதினார். இனிஷியலோடு. பிறகு தன் பேரை எழுதி, ஐந்நூற்றியொன்றை எண்ணிக் கொடுத்தார். மறுக்கலாமா என்று யோசித்தேன். பாய் கடை ஞாபகம் வந்தது. வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ரோஸி அக்காவிடம் ஆறாயிரத்தைக் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் இடுப்பில் செருகிக்கொண்டு, "தோ வந்துடுறேன்" என்று நேரே கறிக்கடைக்கு நடந்தார். நான் நிம்மதியாக ஒரு டீ குடித்தேன். அந்த நிம்மதி திங்கட்கிழமை வரை இருந்தது.

திங்கட்கிழமை பஸ்ஸில் நான்கு பத்திரிகைகள். ஒரு கிரகப்பிரவேசம், ஒரு மஞ்சள் நீராட்டு, ஒரு நிச்சயதார்த்தம். வாங்கிய மொய்யை அப்படியே திருப்புவது மரியாதை இல்லை, நூறாவது கூட்டி எழுத வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

நான்காவது பத்திரிகை பாபுவுடையது. சேரப்பணஞ்சேரிக் கோயிலில் காதுகுத்து. "குடும்பத்தோட வந்துடுங்க சார். நமக்குள்ள இப்ப மொய் செய்முறை கீது."

பாபுவுக்கு மூன்று பெண்கள். இப்போதுதான் மூத்தவளுக்குக் காது குத்துகிறார்கள்.