நாற்பத்தெட்டுக் கிளிகளோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு

1988, மாசி மாதத்துச் சனிக்கிழமை. காலை ஆறு மணிக்கு மதுரையில் பஸ் ஏறினோம், நானும் சாரதா அக்காவும். எழுபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் ஏழரை ரூபாய். அக்காவின் மடியில் ஒரு மஞ்சள் பை. அதை மேலே வைக்கச் சொன்ன கண்டக்டரை அவள் பார்த்த பார்வையில் மனுஷன் பின்பக்கம் போய்விட்டார்.

பைக்குள் அரக்குப் பட்டுப்புடவை. அக்காவுக்கு முப்பத்து நாலு வயது. வரன் அமைந்தால் தன் கையால் கிளி தைத்த பட்டை ஆண்டாளுக்குச் சாத்துவதாக வேண்டியிருந்தாள். தை பிறந்ததும் நிச்சயமாகிவிட்டது, இன்னும் பன்னிரண்டு நாளில் கல்யாணம். ஒரு மண்டலம், நாளுக்கொரு கிளி, குளித்துவிட்டுத்தான் ஊசியைத் தொடுவாள். ஊசி துணியில் இருக்கும்வரை பேசமாட்டாள். வீட்டில் நாங்கள் நிம்மதியாக இருந்த நாற்பத்தெட்டு நாட்கள் அவை. ஒரு கிளிக்கும் கண் வைக்கவில்லை. கண் திறப்பது ஆண்டாள் சன்னதியில்தானாம்.

எட்டே முக்காலுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினோம். பால்கோவாக் கடைகளில் அப்போதே பால் சுண்டுகிற வாசனை. நான் நின்றேன், அக்கா நிற்கவில்லை. கோயில் மண்டபத்தில் தூணோரம் உட்கார்ந்து கறுப்பு நூலைக் கோத்தாள். பத்துக் கிளிக்குக் கண் வந்திருக்கும், அந்தப் பக்கமாக வந்த வயதான பட்டர் நின்றார். என்னவென்று கேட்டார், நான் சொன்னேன். ஒரு கிளியை விரலால் தடவிப் பார்த்தார்.

“பிரமாதமா இருக்கும்மா. ஆனா ஊசி ஏறின துணியைத் தாயாருக்குச் சாத்தறதில்லையே. தறியில நெய்ததுதான் சாத்துவோம்.”

அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. இது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தையல் தெரிந்த குடும்பம் என்ற பெருமைதான் பெரிதாக இருந்தது. பட்டர் ஒரு வழி சொன்னார். சன்னதித் திரை நைந்து போயிருக்கிறது, இதைத் திரையாக்கித் தரலாம். ராஜபாளையத்தில் காசிம் பாய் என்பவர்தான் கோயில் குடை, திரையெல்லாம் தைப்பவர்.

“ஆண்டாள் உடுத்தணும்னுதானே தைச்சேன். கதவுத்துணியா மாட்டவா?” என்றாள் அக்கா, ராஜபாளையம் பஸ்ஸில். பன்னிரண்டு கிலோமீட்டரும் அதே கேள்வி. மேற்கே மலை கூடவே வந்தது, அதையும் அவள் பார்க்கவில்லை.

பதினொன்றரை மணி. காசிம் பாய் கடையில் பாதி தைத்த கோயில் குடை ஒன்று மல்லாந்து கிடந்தது. கத்தரியை அவர் எடுத்து மேசையில் வைத்ததுமே அக்கா புடவையைச் சுருட்டிக்கொண்டாள். வெட்டுவதாக இருந்தால் வேண்டாம், ஊருக்கே திரும்புகிறோம் என்றாள். பாய் கத்தரியை இழுப்பறையில் போட்டு மூடினார். புடவையை வாங்கி, குறுக்கே கட்டியிருந்த கம்பியில் நடுவாக மடித்துத் தொங்கவிட்டார்.

“எதுக்கும்மா வெட்டணும்? இப்பிடியே மடிச்சு ஓரம் அடிச்சிருவோம். பாதிக் கிளி வெளிய நிக்கிறவியளப் பாக்கும். பாதி உள்ள இருக்க தாயாரப் பாக்கும்.”

கிளிகள் பக்கவாட்டில் படுத்துக்கிடக்கின்றனவே என்றேன். “பறக்குற கிளிக்குத் தலை எந்தப் பக்கம் இருந்தா என்ன தம்பி?” என்றார்.

அக்கா சிரித்தேவிட்டாள். காலையிலிருந்து முதல் சிரிப்பு. அவர் மெஷினில் உட்காருவதற்கு முன், சன்னதிக்கென்று வைத்திருந்த மிச்சக் கண்களையும் அங்கேயே வைத்து முடித்தாள். நான் எதிர்க்கடையில் இரண்டு டீ குடித்து நாலு வடை தின்று தீர்த்தேன். கூலி கேட்டபோது, கல்யாணப் பத்திரிகை ஒன்று வரட்டும் என்றார் பாய்.

மாலை ஆறு மணிக்குச் சன்னதியில் நல்ல கூட்டம். உள்ளே அலங்காரம், வெளியே புதுத்திரை. விளக்கு வெளிச்சத்தில் அரக்குப் பட்டும் பச்சைக் கிளிகளும் பளபளத்தன. ஓர் அம்மாள் தன் பேத்தியைத் தூக்கிக் கிளிகளை எண்ணச் சொன்னாள். எங்களுக்குப் பக்கத்தில் நின்றவர், இதை யார் செய்தது என்று ஊரெல்லாம் கேட்கிற குரலில் விசாரித்தார். அக்காவுக்குக் காது சிவந்துவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

திரை விலக்குவதற்கு மணி அடித்தது. கூட்டம் முண்டியது. அக்கா கண்ணை இறுக மூடி முணுமுணுத்தாள். கல்யாணம் நல்லபடி நடக்கத்தான் வேண்டுகிறாள் என்று நினைத்து, குனிந்து காதைக் கொடுத்தேன்.

“தாயே, இன்னும் செத்த நேரம் திரை விலகாம இருக்கட்டும்.”