மெல்லிசு ஷூவும் மூன்று கிலோமீட்டரும்

போன செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணி. முள்ளியாற்றங்கரை ரோட்டில், மதகின் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தேன். காற்று வாங்க அல்ல. எழுந்திருக்க முடியவில்லை.

என் இடது முட்டியை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு ஏற்கெனவே தெரியும். ரைஸ் மில்லில் மூட்டையோடு வழுக்கியது ஒரு தடவை. அது ஆறி வந்த நேரத்தில் பைக்கிலிருந்து விழுந்தது இன்னொரு தடவை. இரண்டு வருடமாக ஓட்டம் இல்லை. இன்னொரு முறை வீங்கினால் ஓட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஓடாவிட்டால் என்ன, குடியா முழுகிவிடும்? எனக்கு முழுகும். நாலு பேர் சேர்ந்து நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஓடுகிறவனை யாரும் நிறுத்திப் பேச மாட்டார்கள் – ஒரு கையைத் தூக்கினால் போதும். அந்த அரை மணி நேரம்தான் நான் ஊரோடு சகஜமாக இருந்த நேரம்.

இதை அறிந்துதான் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மகள் அந்த ஷூவை அனுப்பினாள். வெறுங்காலில் ஓடுவது போலவே இருக்குமாம். அடிப்பாகம் அட்டை மாதிரி மெல்லிசு. குதிகாலுக்கு மெத்தை கிடையாது. பாதத்தின் முன்பக்கத்தை ஊன்றி, சின்னச் சின்ன எட்டாக வைத்தால் முட்டிக்கு அடி குறையும் என்றாள். கூட வந்த தாள் இங்கிலீஷில் இருந்தது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அவளே போனில் படித்துச் சொன்னாள்.

"முதல் வாரம் ஒரு நிமிஷம்தாம்ப்பா ஓடணும். அப்பறம் நடக்கணும். பாதம் பழகணுமாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பாதம் பழக வேண்டுமா? பத்து வயதிலிருந்து சேற்றிலும் வரப்பிலும் நடந்த கால் இது. மில் களத்தில் அவித்த நெல்லைப் பரப்பி, உச்சி வெயிலில், வெறுங்காலால் கோடு கோடாகக் கிளறிவிட்ட கால். அந்தத் தாள் டவுன்காரர்களுக்கு எழுதியது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

முதல் நாளே மூன்று கிலோமீட்டர் என்று கிளம்பினேன்.

முதல் கிலோமீட்டர்... என்னத்தைச் சொல்ல? இரண்டு வருடம் பூட்டி வைத்த வீட்டைத் திறந்த மாதிரி இருந்தது. இரண்டாவதில் கெண்டைக்கால் கல்லாக இறுகியது. நான் நிற்கவில்லை. காலைக் கோணலாக ஊன்றினேன். முட்டியில், அதே பழைய இடத்தில், சுருக்கென்றது. அப்புறம்தான் மதகு.

நடவுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு மினி லாரி வந்தது. ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, மதகுக்குக் காவலா?"

வண்டியே சிரித்தது. டிரைவர் வேகத்தைக் குறைத்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கைத்தாங்கலாக ஏற்றியிருப்பார்கள். "சும்மா... காத்தாட" என்றேன். வண்டி போய்விட்டது. அடுத்து வந்த பால்காரரிடமும் அதே பதில். பிறகு எழுந்து, இரண்டு கிலோமீட்டரையும் நொண்டி நொண்டி நடந்தே வீடு வந்தேன்.

முட்டி பூசணிப் பிஞ்சு மாதிரி இருந்தது. என் மனைவி ஷூவைத் துடைத்து, வந்த டப்பாவிலேயே வைத்து மூடினாள்.

சாயந்தரம் செல்வராசு வந்தான். மில்லில் இருபது வருடம் என்னோடு மூட்டை தூக்கியவன். டப்பாவைத் திறந்து ஷூவை வளைத்து வளைத்துப் பார்த்தான்.

"வரப்பு அமுங்கிக் குடுக்கும்ண்ணே. ரோடு குடுக்குமா?"

நாற்பது வருடம் அந்த வரப்பில் நடந்த எனக்கு இது தோன்றவில்லை.

வியாழக்கிழமை டாக்டர் முட்டியிலிருந்து நீர் எடுத்தார். இனி ஓட்டம் கிடையாது, நடையோடு சரி என்றார். நான் தலையாட்டினேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஓடினதோட விட்டிருந்தா ஒரு மாசத்துல தேத்தியிருக்கலாம். அந்தக் காலோட எதுக்குங்க அவ்வளவு தூரம் நடந்தீங்க?"

கூச்சத்தால் என்று சொல்லவும் கூச்சமாக இருந்தது. வண்டி ஒன்றும் வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.