அறுந்தது, அறுந்ததாம்

என் தம்பி துருக்கியில் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தான். நான் மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டல் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். தன் சாப்பாட்டு இடைவேளையில் எனக்கு போன் செய்து, அன்றன்று கற்ற வாக்கியங்களைச் சொல்லிப் பார்ப்பான்.

"அக்கா, ஈஸியா கீது. 'பென் எவெ கிதியோரும்.' பென்னா நான். எவ்னா வூடு, 'எ' சேத்தா வூட்டுக்கு. கிதியோரும்னா போறேன். நாம பேசற வரிசையிலயே வருது பாரு."

நானும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். நடந்து முடிந்ததைச் சொல்ல அங்கே இரண்டு விதம் என்பதுதான் என்னைக் குழப்பியது. கண்ணால் பார்த்ததென்றால் 'து', 'தி' என்று ஒரு முடிவு, கேள்விப்பட்டதென்றால் 'முஷ்', 'மிஷ்' என்று வேறு முடிவு.

"மழை வந்துச்சு, மழை வந்துச்சாம். அவ்ளோதான்க்கா," என்றான்.

அவன் போன ஐந்தாவது மாதம் அவனுடைய அறைத்தோழர் அழைத்தார். துருக்கி மொழி மட்டுமே தெரிந்தவர். அழுதபடி, எனக்குப் புரியவேண்டுமென்று சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னார். தம்பி சாரத்தின் மேல் நின்றான். கயிறு அறுந்தது. விழுந்தான். இறந்தான். "இப் கொப்து," கயிறு அறுந்தது, என்று மூன்று முறை சொன்னார். 'து' என்றுதான் முடித்தார்; கயிறு அறுந்ததை அவர் பார்த்திருந்தார்.

உடல் வந்து, எரித்தும் ஆயிற்று. பிறகு நிர்வாகத்தின் கடிதம் வந்தது. தம்பி பாதுகாப்பு பெல்ட் போடவில்லை, கயிற்றில் குறையில்லை என்றிருந்தது. செங்கல்பட்டில் ஒரு வக்கீலைப் பிடித்தோம். அவர் அலுவலகத்தில் இருந்தே, அங்கே நடந்த விசாரணையை வீடியோவில் பார்த்தோம்.

அறைத்தோழர் திரையில் வந்தார். பக்கத்தில் தளத்தின் மேற்பார்வையாளர்.

"இப் கொப்முஷ்," என்றார்.

மொழிபெயர்ப்பாளர் "கயிறு அறுந்தது" என்றே சொன்னார். வக்கீல் திருப்தியாகக் குறித்துக்கொண்டார். எனக்கு அந்த 'முஷ்' மட்டும்தான் கேட்டது: அறுந்ததாம்.

"கொர்துனுஸ் மு?" என்று நானே கேட்டேன். பார்த்தீர்களா?

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கொர்மெதிம்."

"இன்னாடி சொல்றாரு?" என்றாள் அம்மா.

"அவரு பாக்கலயாம்மா."

வேறு சாட்சி இல்லை. தவறு தம்பியுடையது என்றே முடிவாயிற்று.

அறைத்தோழர் பிறகு இரண்டு முறை அழைத்தார். சாட்சி சொன்ன மறுநாள் காலையும் அவர் அதே தளத்தில் சாரம் ஏறியாக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் எடுக்க மனம் வரவில்லை.